சாய்த்து வைத்த சீட்டு

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பித்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த உன் அக்கா, "முதல் வரியிலேயே பொய்யா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை நீயே ஊகித்துக்கொள்.

நீ போனை எடுப்பதில்லை. தங்கச்சிதான் எடுத்து, "அவர் மாடியில இருக்கார் அண்ணா" என்கிறாள். காலையில் அடித்தாலும் அதே பதில், சாயங்காலம் அடித்தாலும் அதே பதில். உன் மாமனார் வீட்டு மாடியில் அப்படி என்ன வைத்திருக்கிறாய்? போன் என்றால் அடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். கடிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. பிறத்தியார் கடிதத்தையே பிரிக்கிறவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

ரேடார் அறை பழையபடிதான் இருக்கிறது. குளிர் அதிகம், வெளிச்சம் குறைவு, தேநீர் இயந்திரம் பழுது. உன் நாற்காலியில் இப்போது தும்மல் உட்காருகிறான். மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் மூன்று தும்மல் போடாவிட்டால் அவனுக்கு இன்னமும் வேலை ஓடாது. மூன்றாவது தும்மல் வருகிறவரை விமானமெல்லாம் வானத்திலேயே நிற்கட்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. என்னை மட்டும் இன்னும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ வைத்த பெயர் ஆயிற்றே. உன் பாப்பாவின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் செருப்பையெல்லாம் நான் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்ததைக் கண்டுபிடித்து, மறுநாளே அறை முழுக்கப் பரப்பிவிட்டவன் நீ.

நேற்று உன் அக்கா என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, அன்றைக்கு என்னதான் நடந்தது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றாள். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று மேலிருந்து இறங்கி வருகிற விமானம். மற்றது நம் ஓடுபாதையிலிருந்து ஏறிப் போகிறது. இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் மூன்று மைல் இருக்கவேண்டும். இல்லையென்றால் மேலும் கீழுமாக ஆயிரம் அடி இருக்கவேண்டும். ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இரண்டும் இல்லாமல் போனால் என்ன என்று கேட்டாள். இரண்டு தீப்பெட்டிகளையும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

பிறகு வந்து, "அப்புறம்?" என்றாள். சொன்னேன். மைக்கில் விமானிகளோடு பேசுகிறவன் உன் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கவனிப்பதும் எழுதுவதும் நான். எங்கள் இருவருக்கும் முன்னால் ஒரு பலகை. விமானம் ஒன்றுக்கு ஒரு சீட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி அதில் அடுக்கியிருக்கும். சொல்லவேண்டியதை எல்லாம் விமானியிடம் சொல்லியாகிவிட்டால் சீட்டு நேராக இருக்கும். இன்னும் ஏதாவது சொல்ல பாக்கி இருந்தால், அந்தச் சீட்டை மட்டும் கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்த்து வைத்துவிடுவோம். கண் அங்கே போகும், ஞாபகம் வரும். எவ்வளவு யந்திரம் வந்தாலும் எங்கள் பிழைப்பு அந்தச் சாய்வில்தான் ஓடுகிறது என்றேன்.

அன்றைக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எனக்குத்தான் போன் வந்தது, ஏறுகிற விமானத்தை விடலாமா என்று. நீ தலையாட்டினாய். ஐயாயிரம் அடி வரை விடலாம் என்றேன். இறங்குகிறவனோ நாலாயிரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவனை ஆறாயிரத்தில் நிறுத்தவேண்டும். நீ வாயைத் திறப்பதற்குள் வேறொரு விமானி குறுக்கே வந்து, பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி, உடனே இறங்கவேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். அவருக்கு வழி ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாய். எல்லாச் சீட்டும் நேராக இருந்தது. எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று அடுத்த ஆளிடம் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை உன் அக்காவிடம் முழுதாகச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லவேண்டியதில்லை. திரையில் இரண்டு பெயரும் சிவப்பாகி, மணி அலறி, இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாக நின்றதே, அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடி எனக்குக் கை கால் ஓடவில்லை. விமானங்களில் இருக்கிற கருவிகளே கத்தி, ஒருவனை ஏறு என்றும் மற்றவனை இறங்கு என்றும் பிரித்துவிட்டன. இருநூறு அடி. பக்கவாட்டில் அரை மைல்கூட இல்லை. இரண்டிலும் சேர்த்து முன்னூற்றுப் பதினொரு பேர். காற்றில் குலுங்கியது என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பணிப்பெண் ஒருத்திக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது.

இறங்குகிறவனுடைய சீட்டைச் சாய்த்தேன் என்கிறாய் நீ. விசாரணைக் குழு என்னைக் கேட்டபோது, பலகையில் எந்தச் சீட்டும் சாய்ந்திருக்கவில்லை என்றேன். பார்த்ததைத்தானே சொல்லமுடியும்? பேச்செல்லாம் ஒலிநாடாவில் இருக்கிறது, ரேடாரும் பதிவாகியிருக்கிறது. பலகையை மட்டும் எதுவும் பதிவுசெய்வதில்லை. உன் அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? என் தம்பிக்காக ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று கேட்டாள்.

நெஞ்சுவலிக்காரனைக் கவனிக்கிற அவசரத்தில் சாய்க்க மறந்துவிட்டாய், அவ்வளவுதான். யாருக்கும் வரக்கூடியது. நினைவூட்டலைச் செய்யத் தவறினேன் என்று அவர்கள் அனுப்பியிருக்கிற தாளில் இருபத்தெட்டாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. லைசென்ஸ் போகும். ஆனால் வேறு பிரிவில் மேசை வேலை தருவார்கள். முரண்டு பிடித்தால் அதுவும் போய்விடும். நான் உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் விரும்பும்,
அத்தான்


ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அட்டை வந்தது. நாலே வரி. "அத்தான், சாய்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எனக்கே நிச்சயமில்லை. நேற்று அடுப்பை அணைத்தேனா என்று ஏழு தடவை போய்ப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்." இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டவேண்டாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்க எடுத்தவள் கண்ணில் பட்டுவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

தங்கச்சியும் அவளுக்கு எழுதியிருக்கிறாள். நீ பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, விட்டேனா என்று மறுபடியும் போய்ப் பார்க்கிறாயாம். தெருவைக் கடக்கும்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொள்கிறாயாம், அவளுக்காக அல்ல, உனக்காக. நூறு விமானத்தின் பெயரையும் உயரத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆள், மாப்பிள்ளை நீ! இப்படியா ஆவது?

உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த வீடு விமானங்கள் இறங்குகிற வழிக்கு நேர்கீழே இருக்கிறது என்று தெரிந்துதானே வாங்கினேன். இத்தனை வருஷமாக எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறது. ஒன்று போனதும் அடுத்தது வருகிறவரை எண்ணுகிறேன். எழுபது, எண்பது, தொண்ணூறு. முன்னாலேயே வந்துவிட்டால் சோற்றில் கை நின்றுவிடுகிறது. வரத் தாமதமானாலோ இன்னும் மோசம். நேற்று துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அக்கா அண்ணாந்து பார்த்து, "அதுல உக்காந்திருக்கிறவங்களுக்கு உங்களை யாருன்னே தெரியாது, இல்ல?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாம இருக்கிறதே நல்லது" என்றாள்.

ரேடார் மேசையிலும் அப்படித்தான். இரண்டு புள்ளிகள் பத்து மைல் தூரத்தில் இருக்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. தும்மல் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என்னடா என்றால் ஒன்றுமில்லை சார் என்கிறான்.

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு கூத்து. உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற வழக்கம் உண்டல்லவா? அதற்காக ஒரு உபாயம் வைத்திருக்கிறாள். மோட்டாரைப் போட்டதும் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்து நடையில் குறுக்கே போட்டுவிடுவாள். போகிற வருகிற போதெல்லாம் இடிக்கும், ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை தொட்டி நிரம்பி, மொட்டைமாடியிலிருந்து அருவியாகக் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறி நின்று கத்துகிறார். இவள் ஓடிவந்து பார்த்தால் நடையில் நாற்காலி இல்லை. மேசைக்கு அடியில் ஒழுங்காகச் செருகியிருக்கிறது.

நாற்காலியை யார் எடுத்து வைத்தது என்றாள். நான் எடுக்கவில்லை என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். "நாற்காலிக்கு நாலு கால் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது தானா நடந்து போகாது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறாய், நான் என்றைக்காவது பொய் சொல்லியிருக்கிறேனா, நீ போட மறந்துவிட்டு என் தலையில் கட்டாதே என்று கத்தினேன். அவள் நாற்காலியை வெளியே இழுத்தாள்.

அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி இருந்தது.

பேப்பர் படித்துக்கொண்டே நடையில் வந்திருக்கிறேன். அதில் உட்கார்ந்து படித்திருக்கிறேன் போல. எழுந்தபோது கண்ணாடியை அதன்மேலேயே வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை, மாப்பிள்ளை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. நாற்காலியைத் தொட்ட நினைவே கையில் இல்லை.

இதைச் சிரிப்புக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போது ஏனோ பேனாவை வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன். அந்தத் தாளை இப்போதைக்குத் தபாலில் போடாதே.

அத்தான்


வியாழக்கிழமை, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொள். முதல் கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு.

நீ சாய்த்தாய். மறக்கவில்லை. உன் மூளையில் ஒரு கோளாறும் இல்லை. அந்தச் சீட்டை நிமிர்த்தியது என் கை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை ஒட்டிவிட்டு நேரே தும்மல் வீட்டுக்குப் போனேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு உதவி வேண்டும், நாளைக்கு நாம் சேர்ந்து உட்காரும்போது என் கையைக் கவனித்துக்கொண்டிரு, நான் பலகையில் சீட்டைத் தொடுகிறேனா என்று பார்த்துச் சொல் என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. துணியைப் பிழிந்தான், உதறினான், மறுபடி பிழிந்தான். பிறகு, "கவனிக்க என்ன சார் இருக்கு? நீங்க எப்பவும் பண்றதுதானே" என்றான்.

என்னடா சொல்கிறாய் என்றேன். "போன் பேசும்போது உங்க இடது கை சும்மா இருக்காது சார். பலகையைத் தடவிக்கிட்டே இருக்கும். சாஞ்சிருக்கிற சீட்டை உள்ள தள்ளிடும். நாங்க திரும்பச் சாய்ச்சு வச்சுக்குவோம். ஸ்கேல் சாரோட உக்காந்தா ஒரு கண்ணு ரேடார்மேல, ஒரு கண்ணு அவர் கைமேலன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்றான். ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரியவர் ஆச்சே, எப்படி சார் சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்க" என்றான்.

பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அறை முழுக்க இருக்கிற பிள்ளைகள், என் மனம் நோகக்கூடாது என்று, விமானங்களையும் பார்த்துக்கொண்டு என் கையையும் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறார்கள். நீயும்தான். என் பக்கத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன் நீ. எத்தனை தடவை நான் நிமிர்த்த, நீ சத்தமில்லாமல் சாய்த்திருப்பாய்? அன்றைக்கு நெஞ்சுவலிக்காரன் வந்ததால் உன் இரண்டு கண்ணும் அவனிடம் போய்விட்டன. கோபுரத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன் நான். கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

இப்போது உன்னிடம் கேட்கப் பயப்படுகிற ஒன்றைக் கேட்கிறேன். விசாரணையில் உன்னைத் துளைத்தெடுத்தபோது உனக்கு என் கையின் ஞாபகம் வந்ததா? வந்திருக்கும். நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது. கண்ணால் பார்க்காததைச் சொல்லி அக்காவின் புருஷனை மாட்டிவிடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாய். அப்புறம் நான் எழுந்து நின்று, சீட்டு சாய்ந்திருக்கவில்லை என்று சாட்சி சொன்னேன். அத்தான் பொய் சொல்லமாட்டார் என்று உனக்குத் தெரியும். ஆகவே உன் தலையைத்தான் சந்தேகப்பட ஆரம்பித்தாய். அடுப்பும் பள்ளிக்கூடமும் அங்கிருந்து வந்தவைதானே? என்னை நம்பியதால் வந்த வினை.

எனக்கு இப்போது பயம் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இல்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் பலகைக்கு முன்னால் இருந்திருக்கிறேன். இன்னும் எத்தனை சீட்டு? சிவப்பாகாமல், மணி அடிக்காமல், யாருடைய கண்ணிலும் படாமல் எத்தனை விமானம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயிருக்கும்? தலைக்கு மேலே ஒன்று போகும்போதெல்லாம் உள்ளே இருக்கிறவர்களை நினைக்கிறேன். ஜன்னலோரம் தூங்குகிற பிள்ளைகளை நினைக்கிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

திங்கட்கிழமை மேசைக்குப் போகவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், என்னை ரேடாரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். காரணத்தைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஏன் சார் கிளறுறீங்க? பையன் கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சுது. உங்களுக்கு இன்னும் நாலு வருஷம்தான். மரியாதையா முடிச்சுட்டுப் போங்க" என்றார். ஒரு நிமிஷம், மாப்பிள்ளை, ஒரே ஒரு நிமிஷம், அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றியது. உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை. மாலை போட்டு வழியனுப்புவதெல்லாம் கண்முன்னால் வந்து போயிற்று. அப்போது அவர் மேசையில் பேனா ஒன்று கோணலாகக் கிடந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேனா நேராக இருந்தது.

அவர் என் தாளை வாங்கிக்கொண்டார்.

இருபத்தேழாம் தேதி விசாரணைக் குழு மறுபடியும் கூடுகிறது. முன்னால் சொன்ன சாட்சியை மாற்றிச் சொல்லப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தும்மலையும் கூப்பிட்டேன். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகாதவன், பயப்படுகிறான். மூன்று தும்மல் போட்டான். பிறகு, "வர்றேன் சார்" என்றான். ஆனால் நீ அதற்குள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால், மச்சானைக் காப்பாற்றக் கிழவன் கதை கட்டுகிறான் என்று எங்கள் இருவரையும் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்கும் அதுதான் சௌகரியம். ஒருவன் மறந்தான் என்றால் கோப்பை மூடிவிடலாம். அறை முழுக்கத் தெரிந்தும் ஒருவரும் பேசவில்லை என்றால் எத்தனை பேரைக் கேட்கவேண்டும்? ஆகவே காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் தபாலில் சேர்க்காதே. சேர்த்துவிட்டாய் என்றால் உடனே எனக்குப் போன் செய். இந்த ஒரு தடவை மாடியிலிருந்து இறங்கி வா.

உன் அக்காவிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டாள். "அவனுக்குப் பைத்தியம் பிடிக்கலையே, இல்ல? அவன் தலை நல்லாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். எழுந்து போய், அந்த நாற்காலியை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து நடையில் குறுக்கே போட்டாள். மோட்டார் ஓடவில்லையே என்றேன். "என் தம்பி வந்து எடுத்து வைக்கிற வரைக்கும் இது இங்கேயேதான் கிடக்கும். நீங்க கை வைக்காதீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள்.

இன்றோடு நாலு நாள். முழங்காலில் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். பக்கவாட்டில் நுழைந்துதான் கழிவறைக்குப் போய்வருகிறேன். அதைத் தாண்டும்போதெல்லாம் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, அது அங்கேயே கோணலாகக் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இதுவரை கிடக்கிறது.

உன் தலைக்கும் கண்ணுக்கும் நினைவுக்கும் ஒரு குறையும் வராமல், தங்கச்சியோடும் பாப்பாவோடும் நீ நீடூழி வாழவேண்டும். அடுப்பை ஒரு தடவை அணைத்தால் போதும், மாப்பிள்ளை. நீ அணைத்திருப்பாய். கிளம்பி வந்து அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வை. என்மேல் கோபம் தீரவில்லை என்றால் என்னிடம் பேசவேண்டாம். நாற்காலியை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போ.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
அத்தான்